போனில் கேட்ட சீர்

அருண், இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிக்கப்போகிறாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். புரியாத இடத்தில் பிந்தாவிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது 'சாப்பிட்டியா', 'போதும்', 'அடப்பாவி' அவ்வளவுதான். எனக்குப் போன் பண்ணு. இங்கிலீஷில் எழுதியிருக்கலாமே என்பாய். இங்கிலீஷில் எழுதினால் நான் ரொம்ப நல்லவளாகிவிடுகிறேன். 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்று இரண்டு வரியில் முடித்துவிட்டு, அப்புறம் வாரக்கணக்கில் வயிறெரிந்துகொண்டிருப்பேன். கோபப்படவும் அழவும் எனக்குத் தமிழ்தான் சரிப்பட்டு வரும்.

நீ அனுப்பிய மெசேஜ் இன்னும் என் போனில் அப்படியே இருக்கிறது. கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாமா அம்மா, பிந்தா ஆகஸ்டில் காம்பியாவுக்குப் போக வேண்டும், ஹவா விஷயம், நானும் கூடப் போகிறேன். ஏதோ டென்டிஸ்ட் அப்பாயின்ட்மென்டை மாற்றுகிற மாதிரி எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். கறிவேப்பிலை வாங்கப் போய், ஃப்ரீவேயில் எக்ஸிட்டை விட்டுவிட்டு, ஹூஸ்டன் டவுன்டவுன் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது கறிவேப்பிலையும் இல்லை, எதற்குப் போனேன் என்ற நினைப்பும் இல்லை. உங்கப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி, "வீட்டுக்குள்ள எலி பூந்த மாதிரி ஏம்மா உருட்டிக்கிட்டே இருக்க?" என்றார். நான் ஃப்ரிட்ஜைத் துடைத்தேன்.

மெசேஜைப் படித்த கையோடு உனக்குப் போன் பண்ணினேனே, அதைப் பற்றிப் பேசிவிடலாம். ஹால் புக் பண்ணியாகிவிட்டது, டொரன்டோவிலிருந்து பெரியப்பா டிக்கெட் போட்டாகிவிட்டது, முகூர்த்தம் குறித்த கல்யாணத்தைத் தள்ளிப்போட்டால் ஊர் என்னென்ன பேசும் என்றெல்லாம் மூச்சுவிடாமல் அடுக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "யாரோ ஒரு குழந்தைக்காக யாராவது கல்யாணத்த நிறுத்துவாங்களாடா?" என்று கேட்டேன். "ஷீ இஸ் நாட் யாரோ, அம்மா," என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். நீ இங்கிலீஷ் வாக்கியத்துக்கு நடுவில் ஒரு தமிழ்ச் சொல்லை வைத்தால் உனக்கு எவ்வளவு கோபம் என்று எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து வந்த சொல்லையே எடுத்து என் முகத்தில் வைத்தாய். வலித்தது. நியாயமாகத்தான் வலித்தது.

ஹவா யார் என்று எனக்குத் தெரியாதா? பிந்தாவின் அக்கா மரியமாவின் மகள். ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்த வாய். விசா கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்தும், கல்யாணத்தன்று அவள் அங்கே உடுத்திக்கொண்டு போனில் பார்க்கட்டுமே என்று பட்டுப்பாவாடை தைக்க அளவு கேட்டிருந்தேன். இஞ்ச் டேப்பை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிற படம் வந்தது. அந்தக் குழந்தையைத்தான் இந்த மழைக்கால லீவில், பிந்தாவுக்குச் செய்ததைச் செய்யக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்கள். அந்தத் தெருவின் மற்றப் பெண் குழந்தைகளோடு சேர்த்து. அங்கே அதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதாம். அந்தச் சட்டத்தையே எடுத்துவிடச் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்களாம். சட்டம் தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கும், குழந்தையை அத்தைமார் இன்னொரு வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டுப் போய்விடுவார்கள் என்று பிந்தா சொன்னாள். எல்லாம் தெரிந்துதான் 'யாரோ' என்றேன். தெரியாமல் சொன்னதாக நினைத்து என்னை மன்னித்துவிடாதே.

நீ பிந்தாவை முதன்முதலில் ஹூஸ்டனை ஒட்டிய நம் கேட்டி ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது உன் திருச்சி மாமா போன் பண்ணி, "நம்ம பையனுக்கா பொண்ணு கெடைக்கல? ஆப்பிரிக்காக்காரி, அதுவும் முஸ்லிம்!" என்று குதித்தான். நான் அவனை உண்டு இல்லை என்று பண்ணினேன். ஆறு மாதம் அவனோடு பேசவில்லை. அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்று வைத்துக்கொள். ஆனால் பாரு, நிறத்துக்காகவும் மதத்துக்காகவும் சண்டை போட எனக்குச் சுலபமாக இருந்தது. அவள் நியூ ஜெர்சியில் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டவர்களிடம்தான் நாக்கு புரளவில்லை. பெண் குழந்தைகளின் அந்த இடத்தை வெட்டுகிற பழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசுகிறாள், அவளுக்கும் அது நடந்திருக்கிறது என்று கோயில் பிரசாத வரிசையில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? "லேடீஸ் ஹெல்த்ல இருக்கா," என்றேன். அது ஊரில் எப்படிப் பரவும் என்று யோசிக்கவில்லை.

பரவி, பிந்தா டாக்டராகிவிட்டாள். அடுத்த தடவை நீங்கள் வந்தபோது நம் காலனி மீனா ஆன்ட்டி பைல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, பிந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மகளின் பிசிஓடி, தன் தைராய்டு, நாத்தனாரின் கர்ப்பப்பைக் கட்டி எல்லாவற்றையும் கொட்டினாள். பிந்தா கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் டாக்டர் இல்லை என்றாள். "அப்ப நர்ஸா?" என்றாள் மீனா. நீ சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய், எனக்குத் தெரியும். பிந்தா தன் வேலை என்ன என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். மீனா பைலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பற்றி நீ எப்படி நினைத்தாலும் மீனாவைப் பற்றித் தப்பாக நினைக்காதே. அவள்தான், "மகளிர் தினத்துக்கு ஒவ்வொரு வருஷமும் கோலப் போட்டி, சமையல் போட்டின்னே ஓட்டிட்டோம், இந்த வருஷம் இந்தப் பொண்ணு வந்து பேசட்டும்," என்றாள்.

அந்தக் கூட்டத்துக்கு நீ வரவில்லை, ஆண்களுக்கு அனுமதியில்லை. அங்கே நடந்ததை பிந்தா உன்னிடம் எவ்வளவு சொன்னாளோ தெரியாது. நம் காலனி கிளப்ஹவுஸில் வைத்தோம். வந்தவர்களில் பாதிப்பேர் ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்த அம்மாக்கள். பிந்தா இங்கிலீஷில் பேச, நான் அவர்களுக்காகத் தமிழில் சொல்லவேண்டும். நானும் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, வருங்கால மருமகளின் பக்கத்தில் மைக்கைப் பிடித்து நின்றேன். தனக்கு ஏழு வயதானபோது 'உன் செரிமனி' என்று சொன்னார்கள், புதுத்துணி போட்டார்கள், கோழி அடித்துச் சோறு போட்டார்கள், மேளம் அடித்தார்கள் என்று பிந்தா ஆரம்பித்தாள். செரிமனிக்கு எனக்கு வாயில் வந்த சொல் சடங்கு. "ஏழு வயசுல இவளுக்குச் சடங்கு சுத்தினாங்களாம்," என்றேன். முன்வரிசையில் ஒரு அம்மா கன்னத்தில் கைவைத்து, "ஏழு வயசுலயேவா வயசுக்கு வந்துட்டா? அடி ஆத்தீ," என்றார். "சத்தான சாப்பாடு சாப்பிட்டா அப்படித்தான்," என்றார் பக்கத்திலிருந்தவர். மஞ்சத்தண்ணி ஊத்துனாங்களா, தாய்மாமன் சீலை எடுத்துக் குடுத்தாரா என்று எல்லோரும் சிரித்த முகமாகக் கேட்கிறார்கள். பிந்தா தன் வாழ்க்கையின் மோசமான நாளைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எதிரே அத்தனை பேரும் அவளுக்கு வாழ்த்துச் சொல்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அந்தச் சடங்கு இல்லீங்க, இது வேற," என்றேன். "வேறன்னா?" என்றார்கள். "அது வந்து, கீழ ஒரு சின்ன ஆபரேஷன் மாதிரி," என்றேன். தமிழிலேயே வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் பிந்தாவுக்குப் புரிந்திருக்காது. ஆபரேஷன் புரிந்துவிட்டது. சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நோ," என்றாள். "நாட் ஆபரேஷன்." மைக்கிலேயே சொன்னாள். டாக்டர் இல்லை, மருந்து இல்லை, மரத்துப்போக ஊசி இல்லை, நோயும் இல்லை, இதையெல்லாம் சொல் என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் நான் சொல்கிறவரைக்கும் அடுத்த வாக்கியத்துக்குப் போகமாட்டேன் என்று நின்றாள். இத்தனை வருஷத்தில் ஒரு கூட்டத்தில் அந்த இடத்துக்கு உள்ள சொல்லை நான் சொன்னதே இல்லை. டாக்டரிடம்கூட 'அங்க' என்றுதான் சொல்லியிருக்கிறேன். கடைசியில், "இவளோட பெண்ணுறுப்ப பிளேடால வெட்டிட்டாங்க. ஏழு வயசுல. நாலு பேர் புடிச்சுக்கிட்டாங்க," என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பிந்தா பேசி முடித்ததும் அந்த 'அடி ஆத்தீ' அம்மா எழுந்து வந்து, பிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பவும் வலிக்குதா கண்ணு?" என்று கேட்டார். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். மேடையில் அவ்வளவு திடமாக நின்றவள் அந்த ஒரு கேள்விக்கு அழுதுவிட்டாள். சட்டத்தைப் பற்றியும் மதத்தைப் பற்றியும் எல்லா ஊரிலும் கேட்கிறார்கள், இதை யாரும் கேட்டதில்லை என்று காரில் வரும்போது சொன்னாள். நானும் கேட்டதில்லையே என்று எனக்குச் சுருக்கென்றது. அவள் அதைச் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சமையலறையில் அவள் வெங்காயம் நறுக்கினாள், நான் சாம்பாருக்குப் பருப்பு கடைந்தேன். அந்த நாலு பேர் யார் என்று கேட்டேன். மூன்று பேர் அத்தை, சித்தி முறை. கையைப் பிடித்துக்கொண்டது தன் அம்மா என்றாள். இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்: "எங்கம்மா அழுதுகிட்டேதான் புடிச்சா. முடிஞ்சிரும், முடிஞ்சிரும்னு என் காதுல சொல்லிக்கிட்டே இருந்தா." எனக்கு உடனே உன் காதுகுத்து ஞாபகம் வந்தது. லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, குலதெய்வம் கோயிலில், திருச்சி மாமா மடியில் உன்னை உட்காரவைத்தோம். நீ 'நோ நோ' என்று கத்தக் கத்த, உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது நான்தான். முடிஞ்சிடுச்சுடா தங்கம் என்று நானும் சொன்னேன், சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே உன் வாயில் கற்கண்டைப் போட்டார்கள். இதை பிந்தாவிடம் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். ரெண்டையும் சேத்துப் பேசாதீங்க, காது ஆறிடும், ஆறினா தங்கம் போடுவீங்க என்றாள். நான் சேர்த்துப் பேசவில்லை, ஆனால் கையைப் பிடித்துக்கொண்ட அம்மாவை எனக்குத் தெரியும் என்றேன். அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் தெரியும், அதான் கஷ்டம்," என்றாள்.

இவ்வளவும் நடந்த பிறகும் நான் 'யாரோ ஒரு குழந்தை' என்று பேசினேன் என்றால், அதற்கு ஹாலும் பெரியப்பாவும் காரணம் இல்லை, அருண். பயம். பிந்தாவின் போனுக்கு வருகிற வாய்ஸ் மெசேஜ்களை ஒருநாள் எனக்குக் காட்டினாள். மொழி புரியவில்லை, ஆனால் மிரட்டல் எந்த மொழியிலும் புரிகிறது. ஊர்ப்பக்கம் வந்தால் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்கிறார்களாம். அப்படிப்பட்ட இடத்துக்கு அவள் போவாள், என் ஒரே பையன் பின்னாலேயே போவான், நான் இங்கே கேட்டியில் ஏசியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணம் என்ற கயிற்றைக் கட்டியாவது உங்கள் இரண்டு பேரையும் இங்கே பிடித்துவைக்கலாம் என்று பார்த்தேன். முகூர்த்தமாவது மண்ணாங்கட்டியாவது! எனக்கு நாள் நட்சத்திரத்தில் எவ்வளவு நம்பிக்கை என்று உனக்குத் தெரியாதா? ராகுகாலத்தில் வீடு வாங்கினவள் நான்.

நீ போனை வைத்த மறுநாள் பிந்தா கூப்பிட்டாள். நீ சொல்லித்தான் கூப்பிட்டாளோ என்று நினைத்தேன், இல்லையாம். கோபமா என்றாள். கோபம்தான் என்றேன். இங்கேயிருந்தே பேசு, வீடியோ அனுப்பு, அங்கே போலீஸில் சொல்லு, எதற்கு நேரில் போய்த் தலையைக் கொடுக்கிறாய் என்று கத்தினேன். போலீஸுக்குச் சொன்னால் அம்மாவையும் மரியமாவையும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள், அப்புறம் ஹவாவை யாரிடம் விடுவது என்றாள். சரி, மரியமா தன் மகளைத் தானே காப்பாற்றிக்கொள்ளக் கூடாதா என்றேன். "அவளுக்கு இஷ்டமே இல்ல. ஆனா வேண்டாம்னு சொல்ற உரிமை அவளுக்குக் கெடையாது," என்றாள். அப்ப யாருக்குத்தான் இருக்கு என்று கேட்டேன். அவள் சொன்னது இது: "பையன பெத்தவங்களுக்கு. எங்க ஊர்ல பொண்ணு சுத்தமான்னு கேக்கறது பையனோட அம்மா. அதுக்குப் பயந்துதான் எல்லாரும் செய்யறாங்க. நான் பத்து வருஷமாப் பேசறேன், என்னை அமெரிக்கா போய்க் கெட்டுப்போனவன்னு நெனைக்கறாங்க. ஒரு பையனோட அம்மா வந்து வேண்டாம்னு சொன்னா, அன்னிக்கே பாதி வேலை முடிஞ்சிரும்." அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. பொதுவாகத்தான் சொன்னாள். ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாது. பிந்தாவுக்கும் தெரியாது. சனிக்கிழமை காலையில், அங்கே மத்தியானம், பாவாடை அளவைச் சாக்காக வைத்து மரியமாவை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறாள். ஹவா ஓடிவந்து திரையில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தாள். பல் முளைச்சுதா என்றேன், வாயைத் திறந்து காட்டினாள். அவளை விளையாட அனுப்பிவிட்டு, உங்கம்மாவைக் கொஞ்சம் கூப்பிடு, சம்பந்தியிடம் பேச வேண்டும் என்றேன். வந்தார். என் வயதுதான் இருக்கும். மஞ்சள் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மண்டிங்கா மொழியில் பேச, மரியமா எனக்குச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து கோலாக் கொட்டை இன்னும் வரவில்லையே என்பதுதான் அவர் முதலில் கேட்டது. நம் வெற்றிலை பாக்கு மாதிரி, அதை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்து கொடுத்தால்தான் அங்கே பெண் கேட்டதாக அர்த்தமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் மிரட்டலுக்கும் மெஷின் துப்பாக்கிக்கும் பயந்துகொண்டிருக்கிறேன், அந்தம்மாவுக்கு நம் வீட்டு மரியாதைக் குறைவுதான் பெரிய குறை. சரியான சம்பந்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோலா வரும் என்றேன். ஆனால் எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சீர் கேட்பார்கள், அதை நான் இன்னும் கேட்கவில்லை என்றேன். உனக்குத் தெரியும், என் கல்யாணத்தில் உங்கப்பா வீட்டில் ஸ்கூட்டர் வேண்டும் என்று கேட்டு, மணமேடையில் என் அப்பா தலைகுனிந்து நின்றதைப் பார்த்தவள் நான். என் பையனுக்கு ஒரு ஸ்பூன்கூடக் கேட்கமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். அந்த வாயால்தான் கேட்டேன். மரியமா முகம் மாறியது. அங்கே பெண் வீட்டார் வாங்குவார்கள், கொடுக்கமாட்டார்கள். நான் கேட்டதை அவள் சொன்னதும் சம்பந்தியம்மா புருவத்தைத் தூக்கி, என்ன வேண்டுமாம் என்றார். "ஹவாவ பொறந்தபடியே விட்டுடுங்க. இந்த லீவுல மட்டுமில்ல, எந்த லீவுலயும் தொடக் கூடாது. நான் கேக்கற ஒரே சீர் அதுதான்," என்று என் ஓட்டை இங்கிலீஷில் சொன்னேன்.

மரியமா உடனே அதைத் தன் அம்மாவிடம் சொல்லவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, நான் சொன்னதைவிட நீளமாக, நிறுத்தி நிறுத்தி, ஏதோ சொன்னாள். நடுவில் அவள் குரல் உடைந்தது. நான் சொல்லாததும் அதில் இருந்தது என்று எனக்குப் புரிந்தது. அந்தப் பெண் தன் மகளுக்காகத் தன் அம்மாவிடம் அதுவரை வாயைத் திறந்ததில்லை. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள் என்ற சாக்கில் தானும் கேட்டுவிட்டாள்.

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார். அப்படி விட்டால் ஹவாவை யார் கட்டிக்கொள்வார்கள் என்றார். நான் பையனைப் பெற்றவள் சொல்கிறேன், இது இல்லாமலே கட்டிக்கொள்வார்கள் என்றேன். "நீ இந்த ஊர்ப் பையனோட அம்மா இல்லையே," என்றார். உண்மைதானே? கேட்டியில் உட்கார்ந்துகொண்டு நான் கொடுக்கிற வாக்கு அந்தத் தெருவில் செல்லுமா? பிறகு அவர் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு ஏதோ சொன்னார். மரியமா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சொன்னாள்: "இவ்ளோ பெரிய சீர யாராவது போன்ல கேப்பாங்களான்னு கேக்கறாங்க. கோலா எடுத்துக்கிட்டு நேர்ல வரணுமாம். எங்க தெருவுல எல்லார் முன்னாலயும் உக்காந்து கேக்கணுமாம். மத்த பையன்களோட அம்மாமாரும் அத காதால கேக்கணுமாம். அதுவரைக்கும் ஹவா எங்கம்மா கூடவே தூங்குவாளாம், யாரும் கூட்டிட்டுப் போக முடியாதாம்."

அருண், அது வாக்குறுதியா, இல்லை போனை வைப்பதற்கு ஒரு வழியா, எனக்குத் தெரியாது. இதை எழுதுகிற இந்த நிமிஷம்கூடத் தெரியாது. தெருவுக்கு முன்னால் சொல்லிக்கொள்ள அந்தம்மாவுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருக்கிறதோ என்று ஒரு நேரம் தோன்றுகிறது. கையைப் பிடித்துக்கொண்டு அழுத அம்மாதானே அவர். இன்னொரு நேரம், நான் ஒரு முட்டாள், இங்கிலீஷ் சினிமா பார்த்துக் கெட்டுப்போயிருக்கிறேன் என்று தோன்றுகிறது. உங்கப்பாவிடம் சொன்னேன். எழுந்து மேலே போனார். கொஞ்ச நேரம் கழித்து என் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "மஞ்சள் காய்ச்சல் ஊசி போடணும், முன்னாடியே போட்டுக்கணும்," என்றார். நானும் வரட்டுமா என்றார். அங்கே பையன்களின் அம்மாக்கள் சபை கூடுகிறது, உங்களுக்கு என்ன வேலை, வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து என் பின்னாலேயே அவரும் உருட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆக, நீ கேட்ட கேள்விக்குப் பதில்: தள்ளிவை. ஹாலுக்கு நீயே போன் பண்ணு. பெரியப்பாவிடம் நான் பேசுகிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன், நான் திட்டாததையா அவர் திட்டப்போகிறார்? கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அம்மா மகனுக்குப் புத்தி சொல்லவேண்டுமாம், அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே போய் நீ வீரனாகாதே. பிந்தாவுக்கு முன்னால் நிற்காதே, பக்கத்தில் நில். அவள் பேசும்போது உனக்குத் தெரிந்த நியாயத்தையெல்லாம் நடுவில் சொருகாதே, நீ என்னிடம் செய்கிற மாதிரி. யாராவது கத்தினால் பதிலுக்குக் கத்தாதே. அவள் அழுதால் ஏன் என்று கேட்காமல் தண்ணீர் கொடு. இனிமேல் ஜென்மத்துக்கும் உங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும், அவள் பட்டதை உன் பெருந்தன்மைக்குச் சாட்சியாக இழுத்துப் பேசாதே. அவள் உன்னிடம் காப்பாற்றப்படுவதற்காக வரவில்லை. அப்படி நினைப்பு வந்த அன்றைக்கு எனக்குப் போன் பண்ணு, நான் வந்து இரண்டு போடுகிறேன்.

பிந்தாவிடம் நான் சம்பந்தியோடு பேசியதை நீயே சொல்லு. கேட்காமல் அவள் வீட்டு விஷயத்தில் தலையிட்டுவிட்டேன், கோபப்பட்டால் நியாயம், கோபம் தணிந்ததும் கோலாக் கொட்டை நியூ ஜெர்சியில் எங்கே கிடைக்கும் என்று கேட்டுச் சொல். டிக்கெட் போடும்போது எனக்கும் சேர்த்துப் போடு, முழங்கால் பிடித்துக்கொள்ளும், நடைபாதைப் பக்கமாகப் போடு. எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. தொண்டை வரைக்கும் இருக்கிறது. அவர்கள் இல்லை என்று சொல்லலாம், தெருவே எழுந்து கத்தலாம், நான் சொல்கிற இங்கிலீஷ் யாருக்கும் புரியாமலும் போகலாம். போகட்டும். சீரைக் கொடுக்கிறவரைக்கும் அந்த வீட்டு வாசலில் கோலாக் கூடையோடு உட்கார்ந்திருப்பேன். மாப்பிள்ளையின் அம்மாவை எழுந்து போ என்று சொல்ல எந்த ஊரிலும் யாருக்கும் அவ்வளவு சுலபமாக வாய் வராது.

அம்மா